மரப்பலகையில் மாவீரரும் பூதங்களும்

டோக்கியோவின் ஹராஜுகு புகையிரத நிலையத்தில் இறங்குவோர் கடைகளும் இளைஞர் கூட்டமும் நிறைந்த வீதிகளையே முதலில் காண்பர். அந்தச் சந்தடிக்குப் பின்னால், அமைதியான ஓர் ஒழுங்கையில் இருக்கிறது ஓட்டா நினைவு நூதனசாலை. 1980இல் திறக்கப்பட்ட இச்சிறு கட்டடத்தில் உள்ளவை பழைய ஜப்பானிய மர அச்சுப் படங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடும் என்பதால் படங்களை அடிக்கடி மாற்றி வைக்கிறார்கள்.

இவை தனியொருவரின் கைவேலையல்ல. ஓவியர் மெல்லிய கடதாசியில் வரைந்து கொடுப்பார். அதைச் செரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகள் மட்டும் மேலே நிற்கும்படி மற்றொருவர் செதுக்குவார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பலகை வேண்டும். பின்னர் அச்சிடுபவர் ஈரக் கடதாசியைப் பலகைமேல் வைத்து, மூங்கில் மடலால் பொதிந்த வட்டத் தட்டினால் தேய்த்து நிறமேற்றுவார். பல நூறு பிரதிகள் எடுக்கப்பட்டதால் விலை மலிவாக இருந்தது. சாமானியரின் வீட்டுக்கும் படம் போனது.

வீரர் படங்களுக்குப் பேர்போனவர் உத்தகாவா குனியோஷி (1798-1861). பட்டுத் துணிக்குச் சாயமிடுபவரின் மகன். நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்த அவரை, 1827இல் தொடங்கிய சீனக் கதை வீரர்கள் 108 பேரின் படவரிசையே புகழுக்குக் கொண்டுவந்தது. அவருடைய புதல்வியர் இருவரும் இக்கலையில் ஈடுபட்டனர்.

1842இல் அரசு கடும் சட்டம் கொண்டுவந்தது. நாடக நடிகரையும் கேளிக்கை மகளிரையும் படமாக்கத் தடை. ஓவியர் பலரின் பிழைப்பில் மண் விழுந்தது. அடுத்த ஆண்டு குனியோஷி ஒரு பழங்கதையை வரைந்தார். நோயுற்ற பிரபு உறங்குகிறார். காவல் வீரர்கள் காய் நகர்த்தி விளையாடுகிறார்கள். பின்னால் இருளில், மாயச் சிலந்தி எழுப்பிய பூதக் கூட்டம் திரள்கிறது. உறங்குபவர் ஆட்சித் தலைவர், பூதங்கள் சட்டத்தால் நொந்த மக்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. தண்டனைக்கு அஞ்சிய வெளியீட்டாளர் படங்களைத் திரும்பப் பெற்று, பலகைகளையும் அழித்தார் என்பர். வாய் திறக்க முடியாத காலத்தில் பூதங்கள் பேசின!

1844ஆம் ஆண்டளவில் வந்த இன்னொரு படம் உலகப் புகழ்பெற்றது. 940இல் கிளர்ச்சி செய்து மாண்ட தைரா மசக்காடோவின் மகள் தகியாஷா, தந்தையின் பாழடைந்த மாளிகையில் மந்திரச் சுருளை விரித்து நிற்கிறாள். மூங்கில் திரையைக் கிழித்துக்கொண்டு ராட்சத எலும்புக்கூடு எட்டிப் பார்க்கிறது. மூலக்கதையில் சிறு எலும்புக்கூடுகள் பல; குனியோஷி அவற்றை ஒன்றாக்கி, மூன்று தாள்களில் பரப்பினார்.

இப்படங்களைப் பார்க்க வாய்த்தால், பூதத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பெண்களின் நெற்றியோரத்துக் கூந்தல் இழைகளையும் கவனியுங்கள். மயிரிழையளவு கோடுகளை மரத்தில் நிறுத்துவது தேர்ந்த கைகளுக்கே இயலும். ஓவியரின் பெயர் படத்திலுண்டு. செதுக்கியவரின் பெயரோ பெரும்பாலும் இல்லை.