குக்கர் வைத்தால் போதுமா?

இரவு பதினொன்றரை மணி. சோழிங்கநல்லூர் ஐ.டி கம்பெனியில் வேலை பார்க்கும் அந்த இளைஞனின் போனில் டீம் லீடின் மெசேஜ்: 'நீ அனுப்பினது என் மெஷின்ல ஓடலையே!'

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். புரொபேஷன் இன்னும் முடியவில்லை. காலை பத்து மணிக்கு கிளையன்ட்டுக்கு டெமோ. அவன் லேப்டாப்பிலோ எல்லாம் ஜோராக ஓடுகிறது.

இந்த மாதிரிப் பஞ்சாயத்தைத் தீர்க்கத்தான் 2013-ல் டாக்கர் வந்தது. ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான சாமான்களையும் 'கன்டெய்னர்' என்ற பெட்டியில் கட்டிக் கொடுத்துவிடும். ஒன்றை நம்பி ஒன்று ஓடும் பல பெட்டிகளை ஒரே கட்டளையில் கிளப்புவது 'டாக்கர் கம்போஸ்'.

அவனிடம் இருந்தவை இரண்டு பெட்டிகள். ஒன்று டேட்டாபேஸ், இன்னொன்று அதை நம்பி ஓடும் ஆப். டேட்டாபேஸுக்குப் பிறகுதான் ஆப் கிளம்ப வேண்டும் என்று 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியும் எழுதியிருந்தான்.

பால் கொண்டுவந்த அம்மா, "ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

"டேட்டாபேஸ் ஆரம்பிச்ச அப்புறம்தான்மா ஆப் ஆரம்பிக்குது. அப்பவும் கனெக்‌ஷன் கிடைக்கலைங்குது."

"அடுப்புல குக்கர் வெச்சதும் இலை போட்டா எப்படிடா? விசில் வர வேணாமா?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் லேப்டாப்பில் டேட்டாபேஸ் ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. சட்டென்று எழுந்துவிடும். புது மெஷினில் முதல் முறை எல்லாவற்றையும் உருவாக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் ஆப் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சுருண்டுவிடுகிறது. 'டிபெண்ட்ஸ் ஆன்' பெட்டி கிளம்பியதா என்று மட்டும்தான் பார்க்கும். தயாரா என்று பார்க்காது.

சோதித்துப் பார்க்க, 'டாக்கர் கம்போஸ் டவுன்' கட்டளையோடு 'மைனஸ் வி' சேர்த்து அடித்தான். சேமித்த தகவல்களையும் துடைத்துவிடும் கட்டளை அது. யோசிக்காமல் அடித்தால் வம்புதான். இருந்தது வெறும் சோதனைத் தகவல் என்பதால் துணிந்தான். மறுபடி ஓட விட்டதும் அதே பிழை அவன் லேப்டாப்பிலும் வந்தது. பிழையைப் பார்த்து அன்றுதான் சந்தோஷப்பட்டான்.

டேட்டாபேஸிடம் 'தயாரா?' என்று விட்டு விட்டுக் கேட்கும் 'ஹெல்த் செக்' சேர்த்தான். 'டிபெண்ட்ஸ் ஆன்' வரியின் கீழே 'சர்வீஸ் ஹெல்தி' என்று நிபந்தனையும் போட்டான். மறுபடி துடைத்து, மறுபடி ஓட விட்டான். இந்த முறை ஆப் பொறுமையாகக் காத்திருந்து எழுந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு டீம் லீடிடமிருந்து பதில்: 'ஓடுது. போய்த் தூங்கு!'

"விசில் வந்துச்சா?" என்றார் உள்ளறையிலிருந்து அம்மா.

"வந்துடுச்சும்மா!"