வெட்கம் தடையாகலாகாது

என் உம்மா மூன்று மாதங்களாக ஓர் அரிப்பை மறைத்து வைத்திருந்தார்கள். மறைவிடத்தில் ஏற்பட்டது என்பதால் மகளான என்னிடமும் சொல்லவில்லை. தூய்மை குறைந்துவிட்டதோ என அஞ்சி, ஒவ்வோர் உளூவுக்கு முன்னும் சோப்பும் கிருமிநாசினியும் இட்டுக் கழுவினார்கள், எரிச்சல் கூடியது. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு ஒரு வாரம் அடக்கிவைத்தது. பிறகு அரிப்பு இருமடங்காகத் திரும்பியது.

தொழுகையில் அமரவே அவர்கள் சிரமப்பட்டதைக் கண்ட பிறகுதான் கேட்டேன். பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பூஞ்சைத் தொற்று, அதன் பின்னணியில் அதுவரை அறியாத நீரிழிவு. அவ்விடத்துத் தோல் மெல்லியது, வெறும் தண்ணீரே போதும், ஈரத்தை ஒற்றி உலர்த்திப் பருத்தி ஆடை அணியுங்கள் என்றார் மருத்துவர். ஸ்டீராய்டு கலந்த களிம்பு பூஞ்சையை மறைத்து வளர்க்கும் என்றும் எச்சரித்தார்.

சில நாட்களில் தணியாத அரிப்பு, புண், கொப்புளம், வெண்திட்டு, துர்நாற்றமுள்ள கசிவு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், இரத்தக்கசிவு: இவற்றில் ஒன்று கண்டாலும் ஆணாயினும் பெண்ணாயினும் மருத்துவரை நாடத் தாமதியாதீர்கள்.

மார்க்கத்தைக் கற்க அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாகவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியுள்ளார்கள். உடலும் அல்லாஹ்வின் அமானிதமே. உங்கள் உம்மாவிடம் இன்றே கனிவாகக் கேளுங்கள்.