ஏன் புரசைவாக்கம் போறீங்க டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஆழ்வார்பேட்டையில் நான் இருக்கும் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், கதீட்ரல் ரோட்டில் இருக்கிறது செயின்ட் ஜார்ஜ் பேராலயம். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டதே அங்கேதான். அதை விட்டுவிட்டு, இந்த மூட்டு வலியோடு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட ரோடெல்லாம் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயத்துக்கு ஏன் போகிறேன் என்று பலபேர் கேட்டுவிட்டீர்கள். "நாங்க லுத்தரன், அதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். அது பாதிப் பதில். மீதியை இன்று சொல்கிறேன். அண்ணனுக்கு போன் செய்து கேட்டு, அவர் "எழுதும்மா, அப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தொடக்கப்பள்ளி வாத்தியார். ஊர்ச் சபைக்கு உபதேசியாரும் அவர்தான். சபைகுரு மாதம் ஒரு முறை வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் ஆராதனை நடத்துவார், பிரசங்கம் செய்வார். இது உறவினர்களுக்குத் தெரியும். தெரியாதது, அல்லது தெரிந்தும் எங்களிடம் யாரும் பேசாதது, சீட்டு விஷயம்.

சபை மக்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அப்பா ஒரு சீட்டு நடத்தினார். இருபது பேர், ஆளுக்கு மாதம் 25 ரூபாய். எல்லாரும் விவசாயக் கூலிகளும் சின்னக் குடியானவர்களும்தான். முதலில் எடுத்த சிலர், அறுவடை பொய்த்ததும் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அப்பா அவர்களை நெருக்கவில்லை. ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தார், வட்டிக்கு வாங்கிப் போட்டார், யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் எல்லாம் உடைந்தது. மொத்தம் 2,300 ரூபாய் பாக்கி. அப்பாவின் மாதச் சம்பளம் 180.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. வாசலில் ஆட்கள் வந்து நின்றது நினைவிருக்கிறது. ஒரு பாட்டி சத்தம் போடாமல் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். மற்றவர்கள் திட்டியதைவிட அந்த அழுகைதான் அப்பாவை உலுக்கியது. அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினார். கிணற்றடிக்கு அவர் தனியாகப் போனால் அம்மா அண்ணனைப் பின்னால் அனுப்புவார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் திருச்சபையின் தலைவரைத் தரங்கம்பாடிப் பேராயர் என்பார்கள். இருப்பது திருச்சியில், பட்டம் தரங்கம்பாடி. 1921இல் முதல் பேராயரானவர் ஹியூமன் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர். 1956இல் ராஜா மாணிக்கம் ஐயா முதல் இந்தியப் பேராயர் ஆனார். இவ்வளவும் ஞாயிறு பள்ளியில் படித்தது. பேராயர் என்றால் அங்கி, செங்கோல், மாலை மரியாதை. அப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் ஒரு மத்தியானம் அன்றைய பேராயர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சபைகுரு சொல்லியிருக்க வேண்டும். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தான் செய்ததைச் சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை அவர். அங்கி இல்லை, வெறும் சட்டை வேட்டி. அம்மா "ஸ்தோத்திரம் ஐயா" என்று பதறிப்போய் நாற்காலி தேடினார். அவர் அதற்குள் அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் செய்வார் என்று நினைத்தோம். அவர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ஒரு நோட்டும் பேனாவும் கொண்டா" என்றார்.

"வாத்தியாரே, யாருக்கு எவ்வளவு? ஒவ்வொரு பேரா சொல்லுங்க."

அப்பா சொல்லச் சொல்ல அவரே எழுதினார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பல பெயர்களில் அப்பா நின்றுவிடுவார். அவர் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பாட்டியின் பெயரை முதலில் வைத்தார். மாதம் முப்பது ரூபாய் கட்டுவது என்று முடிவாயிற்று. பிறகு சொன்னார்: "ஒரு வருஷம் நீங்க பிரசங்கம் பண்ண வேண்டாம். ஆனா ஒரு ஞாயித்துக்கிழமைகூடக் கோயிலுக்கு வராம இருக்கக் கூடாது. முன்வரிசையில உட்காரணும்."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஐயா?" என்றார் அப்பா.

அப்போதுதான் அவர் பெப்ரீஷியஸ் ஐயர் கதையைச் சொன்னார். ஜெர்மனியில் பிறந்து 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட வாழ்ந்தவர். வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். 1779இல் தமிழ் ஆங்கில அகராதி அச்சிட்டவர். தமிழாசிரியர்கள் இன்றும் பெப்ரீஷியஸ் அகராதி என்பது அந்த வழியில் வந்ததுதான். நாங்கள் பாடும் ஞானப்பாட்டுகள் பலவற்றை ஜெர்மனிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். பிரெஞ்சுப் படை வந்தபோது பழவேற்காட்டுக்கு ஓட வேண்டியிருந்தவர். இத்தனை செய்தவருக்குக் கணக்கு வழக்கு மட்டும் வரவில்லை. பலர் நம்பிக் கொடுத்த பணத்தை வட்டிக்கு விட்டார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. வயதான காலத்தில் கடனாளியாகச் சிறைக்குப் போனார். 1791இல் இறந்தார்.

"அவர் செஞ்சது தப்பு. அவரை நம்பின ஏழைங்க நஷ்டப்பட்டது நிஜம். அதுக்காக அவர் பாட்டை நாம பாடாம விட்டோமா?" என்று கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை பாவ அறிக்கை சொல்றப்ப பேராயருக்குன்னு தனி வாசகம் கிடையாது வாத்தியாரே. நானும் அதையேதான் சொல்றேன்" என்றார்.

அந்த ஞாயிறு அவர் ஊரிலேயே தங்கினார். ஆராதனையைச் சபைகுரு நடத்தினார். பேராயர் முன்வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அப்பாவிடம் யாரும் பணம் கேட்கவில்லை. மறுநாள் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதானே!

கடன் அடைய ஆறரை வருஷம் ஆயிற்று. நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம்தான் கடைசித் தவணை. என்னைக் காலேஜில் சேர்க்கப் பணமில்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கெல்லாம் 'அ' எழுதிக் காட்டினேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச காலம் அப்பாமேல் கோபம் இருந்தது.

சில மாதம் கழித்து, சபைப் பத்திரிகையில் பேராயர் எழுதும் கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதியிருந்தார். ஊர் பெயரோ ஆள் பெயரோ இல்லை. கடனை மறைக்கிறவன் அயலானிடமிருந்து மட்டுமல்ல, ஆண்டவரிடமிருந்தும் ஒளிந்துகொள்கிறான். வெட்கத்தால் கோயிலை விட்டு விலகுகிறவனைத் தேடிப் போகாத சபை, வந்தவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்ற கருத்தில் எழுதியிருந்தார். அப்பா அதை வெட்டி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. மஞ்சளாகி, மடிப்பில் கிழிந்துவிட்டது.

லுத்தர் சொன்னதாக எங்களுக்குக் கற்பிப்பார்கள், மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அர்த்தம் தெரிந்தது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு முதுகுகளைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான். பெப்ரீஷியஸ் ஐயர் வாழ்ந்த வேப்பேரி, புரசைவாக்கத்துக்குப் பக்கம். அங்கே அவர் தமிழாக்கிய பாட்டைப் பாடும்போது அப்பா பக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது. அதற்குத்தான் போகிறேன்.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு அம்மா என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். தீபாவளிச் சீட்டு பிடித்து, பணத்தை எதிலோ போட்டு இழந்துவிட்டு, போனை அணைத்துவிட்டு எங்கேயோ இருக்கிறான். பணம் கொடுத்தவர்களிலும் என் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் கோபம் நியாயம். பணத்தைக் கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. ஆனால் அவன் அம்மாவைத் தெருவில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மகனே, நீ என் பதிவுகளைப் படிப்பாய் என்று தெரியும். யாருக்கு எவ்வளவு என்று உனக்கு மனப்பாடமாக இருக்கும். வீட்டுக்கு வா. நோட்டும் பேனாவும் நான் தருகிறேன். நீ சொல்லு, நான் எழுதுகிறேன். உன்னை நம்பிக் கொடுத்தவர்களில் ரொம்ப இல்லாதவர் யாரோ, அவர் பெயரில் ஆரம்பிப்போம். அவர்களைப் பார்க்கப் போகும்போது நானும் கூட வருகிறேன். மாடி ஏறத்தான் நேரமாகும், பொறுத்துக்கொள்.

கமெண்டில் யாரும் அவன் பெயரைப் போடாதீர்கள். அவனோடு பேச முடிந்தவர்கள் பேசி, டீச்சர் கூப்பிட்டார் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்