எண்ணெய்க்குக் கிடைக்கும் நற்பெயர்

முடியைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் தவறான நம்பிக்கைகளைப் படிப்பறிவின்மையின் தலையில் கட்டிவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லோரும் கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். முடிதான் காலம் தாழ்த்திப் பேசி அவர்களை ஏமாற்றுகிறது.

தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வீதம் பொதுவாக 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு வளர்ச்சி நின்று, 3 மாதம்போல அப்படியே ஓய்ந்து கிடந்து உதிரும். நாளுக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டுவது இந்தச் சுழற்சியின் கணக்குதான். டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சலோ, பிரசவமோ, பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைப்பதோ நேர்ந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, காய்ச்சலே மறந்துபோன பிறகு, சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். அடிமுனையில் குட்டியாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். வேரோடு வந்துவிட்டதே என்று வயிற்றைக் கலக்கும். உண்மையில் அது ஓய்ந்த முடியின் அடிப்பகுதி மட்டுமே. அடுத்த முடியை முளைக்கவைக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் பழி இடம் மாறுகிறது. போன வாரம் மாற்றிய ஷாம்பு மாட்டிக்கொள்ளும். வெளியூரில் வேலை கிடைத்து விடுதிக்குப் போனவர்கள் ‘தண்ணி மாறினதுதான்’ என்பார்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும்; அதனால் நடுவில் ஒடியவும் கூடும். வேரைத் தொட அதனால் முடியாது. மாறிப்போன சாப்பாடும் கெட்டுப்போன தூக்கமும் கணக்கிலேயே வருவதில்லை. பிறகு யாரோ சொல்லி, கரிசலாங்கண்ணியும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் வீட்டுக்கு வரும். இப்படிப்பட்ட உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, பெயர் எண்ணெய்க்குப் போய்விடும்.

‘பாட்டிக்கு முழங்கால்வரை கூந்தல் இருந்ததே, அது எண்ணெயால் இல்லையா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003இல் வெளியான ரேலே, மோஹிலே ஆய்வில், தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்கள் மூன்றில் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் காரணம் பொருந்துகிறது: அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவக்கூடியது. ஆக, எண்ணெய் முளைத்த முடியை ஒடியாமல் காக்கும்; புதிதாக முளைக்கவைக்காது. முழங்கால்வரை போக, முடி பல ஆண்டுகள் ஓயாமல் வளர வேண்டும். அந்த ஆயுளைத் தருவது பரம்பரை. பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறவைப்பதோ எதிர்விளைவு: பொடுகோடு சேர்ந்த மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் இதே ரகம். குழந்தையின் பூனைமுடி மாறி உறுதியான முடி வருவது அந்த வயதில் எப்படியும் நடப்பது. மொட்டையும் அதே சமயத்தில் போடப்படுகிறது. மழிப்பதால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928லேயே அளந்து காட்டிவிட்டார். வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் கைக்குத் தடிப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். (பழனியிலும் திருப்பதியிலும் இறக்கும் முடி நேர்த்திக்கடன், அங்கே இந்தக் கணக்குக்கு வேலையில்லை.)

எண்ணெயால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று விடலாமே என்றால், கெடுவது காலம். இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டாலோ கொட்டும் முடிக்கு, பாட்டில் பாட்டிலாக மாற்றிக்கொண்டிருப்பவர் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார். ஆண்களின் பரம்பரை வழுக்கையில் சுருங்கிப்போன வேரை மீட்பது வரவரக் கடினம். அதற்குப் பயன்படும் மினாக்ஸிடில் பலன் காட்ட நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்கு முடி வழக்கத்தைவிட அதிகமாகக்கூடக் கொட்டும். ஓய்ந்திருந்த முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதன் அறிகுறி அது. மருத்துவர் இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாவிட்டால், ‘இருந்ததும் போச்சு’ என்று பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.