கூகைக் குழுவும் தாய்க் கழகமும்

2017ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் நாற்பத்திரண்டு மாணவர் இருந்தனர். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் எல்லாரையும் சேர்த்தால் வரும் எண்ணிக்கையே அது. செர்டாங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளின் அளவை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. புதன்கிழமை பிற்பகல், புறப்பாட நேரத்தில், அந்த நாற்பத்திருவரும் ஓர் அறையில் கூடிக் காந்தத்தையும் மின்சுற்றையும் பயற்றங்காய் விதை முளைப்பதையும் கண்டு கலைவர். கூட்டக் குறிப்பேடு ஒழுங்காக இருந்தது. மாவட்டக் கல்வி அலுவலர் வந்து பார்த்தபோதும் குறை ஒன்றும் கூறவில்லை.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் ஆறு மாணவர் என் அறை வாயிலில் வந்து நின்றனர். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அவர்களுக்குத் தலைவன் போலும். “ஐயா, நாங்கள் கூகைகளை மட்டும் பார்க்கிற குழு ஒன்று வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு தோட்டங்களில் எலித்தொல்லை பெருகிற்று. பழக்குலைகளை எலி கடித்துப் பாழாக்கும். அதனைத் தடுக்க, 1980களிலிருந்தே இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் கம்பங்களின்மேல் மரப்பெட்டிகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றி வருகின்றனர். குஞ்சுகளை வளர்க்கும் ஓர் இணை ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். பகலில் பெட்டிக்குள் உறங்கி, இருட்டியதும் ஓசையின்றிப் பறந்து, பிடித்த எலியை முழுதாய் விழுங்கி, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும் பறவை அது. அவ்வுருண்டைகளைத்தான் அந்த ஆறு பேரும் பொறுக்கி, வாளி நீரில் ஊறவைத்து, எலியின் மண்டையோடுகளை எண்ணிக்கொண்டிருந்தனர். எனக்குத் தெரியாமலே ஒரு திங்களாக இது நடந்திருக்கிறது.

நான் மறுத்துவிட்டேன். இருப்பதே நாற்பத்திருவர், அவரையும் ஆறாறாகப் பிரித்தால் கழகம் என்னாவது என்றேன். ஊரில் முதியோர் கூகை அலறினால் சாவு வரும் என்று அஞ்சுகின்றனர், அவர்களுக்கு யார் மறுமொழி கூறுவது என்றும் கேட்டேன். (சங்கப் புலவர் ஒருவர்க்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் என்பதை அப்போது நினைக்கவில்லை.) உண்மையில் இவ்விரு காரணங்களுக்கும் அடியில் வேறொன்று இருந்தது. ஒரு கழகம், ஒரு தலைவர், ஒரு குறிப்பேடு என்றே பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்திருந்தனர். அந்த மாணவன் “சரி ஐயா” என்று கூறிச் சென்றான். அடுத்த புதனன்று அவன் வரவில்லை. ஆண்டு முடியும்வரை ஏதோ ஒரு காரணம் கூறி வராமலே இருந்துவிட்டான். சனவரியில் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டான்.

அவ்விடுமுறையில் அறிவியல் கழகங்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. என்னைப் போன்றே நினைத்த பெரியவர் ஒருவரை அங்குக் கண்டேன். அவர் சர் ஜோசப் பேங்க்ஸ். 1660இல் தோன்றிய இலண்டன் அரச கழகத்தின் தலைமையில் 1778 முதல் நாற்பத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். 1788இல் தாவரம், விலங்கு ஆகியவற்றை ஆராய லின்னேயக் கழகம் தோன்றியபோது அவர் ஆதரித்தார். தாவரவியல் அவருடைய சொந்தத் துறை. ஆனால், 1807இல் நிலவியலார் தனிக் கழகம் கண்டு, அரச கழகத்திற்கு அடங்கியிருக்க மனமின்றி வளர்ந்தபோது, தாமும் அதில் உறுப்பினராயிருந்த பேங்க்ஸ் 1809இல் விலகிக்கொண்டார். 1820இல் வானியலார் தனித்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைவராக இசைந்த சாமர்செட் கோமகன், பேங்க்சின் வற்புறுத்தலால் அப்பதவியைத் துறந்தார். தாய்க் கழகத்தின் சிறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குகின்றனர் என்பது பேங்க்சின் கவலை. அவ்வாண்டு ஜூனில் அவர் மறைந்தார். வில்லியம் எர்செல் வானியல் கழகத்தின் முதல் தலைவரானார். அரச கழகமோ இன்றுவரை நன்றாகவே இருக்கிறது.

சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றி, ரெட்டிக்குலம் என்னும் தென்வான விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை 1872இல் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது, பேங்க்ஸ் தடுக்க முயன்ற அந்த வானியல் கழகமே.

எனினும், பிரிந்து வந்தவர்களும் காலப்போக்கில் இறுகிப் போவதுண்டு. அதே வானியல் கழகம் 1916 வரையில் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. பொழுதுபோக்காக வானத்தை நோக்கும் எளியோர்க்கும் அங்கு இடம் குறைவு. அவர்கள் 1890இல் பிரித்தானிய வானியல் சங்கத்தைத் தொடங்கினர். அதன் அமைப்பே என்னை மிகவும் கவர்ந்தது. கதிரவன், திங்கள், செவ்வாய், வியாழன், வால்மீன், எரிமீன், ஒளி மாறும் விண்மீன் என்று சங்கத்துக்குள்ளேயே பிரிவுகள் வகுத்தனர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இயக்குநர். ஒருவரே இரண்டு மூன்று பிரிவுகளில் இருக்கலாம். பிரிவு கண்டதெல்லாம் பொதுச் சங்கத்தின் ஏட்டில் வெளிவரும். கதிரவன் பிரிவின் முதல் இயக்குநர் எலிசபெத் பிரவுன் என்னும் பெண்மணி. தாய்க் கழகம் வாயிற்படியிலும் நிற்கவிடாத ஒருவர், இங்கு ஒரு பிரிவையே நடத்தினார்!

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1940இல் தோன்றிய மலாயா இயற்கைக் கழகத்தில் நாளடைவில் பறவை நோக்குவோரும் குகை ஆய்வோரும் தனித்தனிக் குழுக்களாயினர். தைப்பூசத்தன்று பத்துமலையில் 272 படி ஏறும் நம்மவர், இடப்பக்கத்து இருட்குகையைக் கண்டும் காணாமல் செல்வர். அரிய சிலந்தி ஒன்று அங்கு வாழ்வதையும், அதனைக் காக்க இக்கழகத்தார் பல்லாண்டு பாடுபட்டதையும் அறிந்தோர் எத்தனை பேர்? சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வடக்கே திரும்பும் வல்லூறுகளையும் தேன்பருந்துகளையும் மார்ச்சுத் திங்களில் தஞ்சோங் துவானில் எண்ணும் விழாவை 2000ஆம் ஆண்டு முதல் நடத்தி வருவோரும் அவர்களே. பேங்க்ஸ் அஞ்சியதும் அங்கு நடவாமலில்லை. 1954இல் தோன்றிய சிங்கப்பூர்க் கிளை 1991இல் தனிக் கழகமாயிற்று. சில வேளைகளில் பிள்ளை தாயினும் உயர்ந்துவிடுகிறது. 1947இல் அமெரிக்காவில் தோன்றிய ஏ.சி.எம். என்னும் கணினிக் கழகத்தில், கணினிவழிப் படம் வரைவதில் ஆர்வங்கொண்டோர் 1969இல் சிக்கிராஃப் என்ற சிறப்பார்வக் குழுவாயினர். தாய்க் கழகத்தின் பெயரை அறியாத திரைப்படக் கலைஞர்க்கும் இன்று அக்குழுவின் பெயர் தெரியும்.

2018 சனவரியில், புதிய ஆண்டின் முதற் கூட்டத்தில், குழு அமைக்க விரும்புவோர் கைதூக்கலாம் என்றேன். கூகைக் குழுவில் ஒன்பது பேர், பூச்சிக் குழுவில் பதினொருவர், விண்மீன் குழுவில் நால்வர் சேர்ந்தனர். மற்றவர் எதிலும் சேராமல் பழைய கழகமாகவே இருந்தனர். பிரித்தானியரிடமிருந்து கடன் வாங்கிய விதி ஒன்றை மட்டும் வைத்தேன். கண்டதை மாதம் ஒரு முறை எல்லார் முன்னும் படிக்க வேண்டும். அவ்வளவே.

அந்த விதியே மறு ஆண்டு என்னைச் சோதித்தது. 2019 மார்ச்சில் கூகைக் குழுவின் தலைவி குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு பெட்டிகளின் கீழே அந்த மாதம் மூன்று கூகைகள் இறந்து கிடந்தன, காயம் இல்லை, அவ்விடங்களில் எலிமருந்துக் கட்டிகள் கண்டோம் என்று எழுதியிருந்தாள். சில வகை எலிமருந்துகளைத் தின்ற எலியை உண்ட கூகையும் மடியும் என்பது ஆய்வாளர் நிறுவிய செய்தி. ஆனால், இவை மூன்றும் அதனால்தான் மாண்டன என்பதற்கு எங்களிடம் சான்றில்லை. மாணவரின் தந்தையர் பலர் அத்தோட்டத்தில் வேலை செய்பவர். ஒருவர் மருந்து வைக்கும் குழுவுக்கே மண்டோர். பள்ளிக்கு வழி விட்டிருப்பதும் அத்தோட்டமே.

“இதனை அடுத்த மாதம் படிக்கலாமே, அம்மா” என்றேன். அவள் குறிப்பேட்டை மூடவில்லை. “அப்படியானால் இந்த மாதம் என்னவென்று படிப்பது, ஐயா?” என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குழு வேண்டுமென்று இசைந்தவன், அது கண்டதை வேண்டாமென்று சொல்வது எப்படி? மறுநாள் அவளை அழைத்து, கண்டதை மட்டும் எழுது, கருதியதை எழுதாதே என்றேன். நாள், பெட்டி எண், எத்தனை இறந்தன, அருகில் என்ன இருந்தது என்ற நான்கே வரிகள். மருந்துக் கட்டிகளை எடுத்துவிடச் சொல்லவில்லை; அவையும் கண்டவையே. சபைகூடலில் அவள் படித்தாள். பின்வரிசையில் பெற்றோர் சிலர் நின்றிருந்தனர். அந்த மண்டோரும் இருந்தார். எவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்து அலுவலர் ஒருவர் வந்து குறிப்பேட்டைக் கேட்டார். அரைமணி நேரம் பக்கம் பக்கமாய்ப் புரட்டினார். பெட்டி எண்களைத் தம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். தேநீர்கூட அருந்தாமல் சென்றார். மருந்தை மாற்றினாரா, நிறுத்தினாரா, எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. மண்டோர் தம் மகனைக் கூகைக் குழுவிலிருந்து விலக்கிப் பூச்சிக் குழுவில் சேர்த்துவிட்டார். கழகத்திலிருந்து விலக்கவில்லை என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

விண்மீன் குழுவைப் பற்றிச் சொல்ல மறந்தேன். 2019 திசம்பர் 26 அன்று, கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் வளையமாகத் தெரிந்த கதிரவ மறைப்பு, எங்களுக்குப் பாதியாகவே தெரிந்தது. பள்ளி விடுமுறை; ஆயினும், கோயில் திடலில் அட்டையில் ஊசித்துளை இட்டு நின்றவர் அறுபது பேருக்கு மேல். அந்நால்வரும் அன்று ஊருக்கே ஆசிரியராயினர். பின்னர்த் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது அக்குழுவில் ஒருத்தியே எஞ்சினாள். ஒருத்தியைக் குழு என்று பதிவேட்டில் எழுதலாமா என்று ஆசிரியை கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

முதலில் கேட்டவன் இப்போது இளைஞன். சென்ற ஆண்டு ஒரு மாலை மோட்டார் சைக்கிளில் வந்து, மாணவரோடு செம்பனைக் காட்டுக்குள் சென்றான். ஏணி பிடிக்க உயரமானவர் ஒருவர் தேவைப்பட்டாராம். திரும்பி வந்து என்னிடம், “ஏழாம் எண் பெட்டியில் நான்கு முட்டை இருக்கிறது, ஐயா” என்றான். குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போ என்று பேனாவை நீட்டினேன்.