மைக் இல்லாத மேடை



எங்கள் சிவில் பிரிவின் கல்விச் சுற்றுலா என்றதும் மெரினா, மெட்ரோ ரயில் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அதையெல்லாம் மற்ற பசங்க எழுதுவாங்க. நான் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பார்த்த மியூசியம் தியேட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1896இல் கட்டிய நாடக அரங்கம் அது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் (1892) இந்த இருவரின் கை உண்டு. வெள்ளைக்காரர்கள் ஆங்கில நாடகம் போட்ட இடம். மேடையைச் சுற்றி அரைவட்டமாக இருக்கைகள்.

"அப்போ ஏதுடா மைக்கு? கட்டடந்தான் மைக்கு" என்றார் சார். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் திரும்பி வருவது தனியாக எதிரொலிக்கும். கிட்டத்தில் இருந்தால் பேச்சோடு சேர்ந்து அதற்கே வலு கொடுக்கும். அரைவட்டத்தில் உட்கார்ந்தால் யாருமே மேடைக்கு ரொம்ப தூரமில்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சங்கதி அங்கேதான் புரிந்தது.

"யாராச்சும் மேடையேறிப் பேசுங்க, மத்தவங்க கடைசி வரிசைக்குப் போங்க" என்றார். எல்லோரும் என்னைத்தான் தள்ளிவிட்டார்கள். நான் பேசினால் பக்கத்து பெஞ்சுக்கே கேட்காது என்பது எங்கள் வகுப்பு ஜோக்.

இங்கே ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் விண்ணப்பம் நிரப்பிய முதல் ஆள் நான். அதில் தந்தை தொழில் 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். பாதி உண்மை. பகலில் மரவள்ளிக் காடு, திருவிழா மாதங்களில் ராத்திரியெல்லாம் தெருக்கூத்து. துரியோதன வேஷம் கட்டுவார். சின்ன வயசில் ஒருத்தன் "கூத்தாடி மவனே" என்று கூப்பிட்டதிலிருந்து நான் அதை வெளியே சொன்னதில்லை.

மேடையில் வாய் வரவில்லை. அப்பா சொல்வது ஞாபகம் வந்தது: "தொண்டையில கத்தாத. அடிவயித்துலேர்ந்து எடு. கடைசியில பாய் போட்டு உக்காந்திருக்கிற கெழவிக்குச் சொல்லு."

கூத்தில் கட்டியக்காரன் யாரென்று கேட்பான், ராஜா தன் பேர், ஊர், வம்சம் சொல்லுவார். நானும் அப்படியே சொன்னேன். அப்பா பேர், கச்சிராயபாளையம் பக்கத்தில் கல்வராயன் மலையடிவார ஊர், கூத்தாடி மகன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "கேட்டுச்சுடா!" என்றான்.

ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். இர்வின், அரைவட்டம், 17 மீட்டர் எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"எங்களுக்குச் செவுரே கிடையாதேடா" என்று சிரித்தவர், "மேடை பலகையா, கல்லா? சலங்கை கட்டி ஆடுனா சத்தம் எப்படி வரும்?" என்றார்.

அதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

- சிவில், இரண்டாம் ஆண்டு