வில்லும் சைக்கிளும் அக்கா மகனும்

என் அக்காவுக்கும் அவள் மகனுக்கும் மூன்று வருடமாக ஒரு வழக்கு நடக்கிறது. அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தில். கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளென்றால் மலையேறுவான், சைக்கிள் ஓட்டுவான். அதெல்லாம் அக்காவுக்குப் பெருமைதான். ஒரு செப்டம்பர் மாதம், கையில் வில்லோடு காட்டுக்குள் நிற்கிற போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான் பாருங்கள், அன்றைக்கு ஆரம்பித்தது.

"என் வயித்துல வேடன் பொறந்திருக்கான்டா" என்று எனக்குப் போன் செய்து அழுதாள். இத்தனைக்கும் அவள் சைவம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்காத வீடா அது? அதைச் சொன்னால், "கடையில வாங்குறது வேற, தேடிப் போய்க் கொல்லுறது வேற" என்பாள். அவனோ, "நீ காசு கொடுத்து இன்னொருத்தரைக் கொல்லச் சொல்ற, நான் நேர்ல செய்றேன், அவ்வளவுதாம்மா" என்பான். இரண்டு பக்கமும் வாய்தா வாங்காமல் வாதாடுவார்கள். நடுவில் நான், தாய்மாமன்.

எனக்கு அந்தப் போட்டோவில் வில்லைவிட வியப்பாக இருந்தது பின்னால் மரத்தில் சாய்த்திருந்த சைக்கிள். தடித்த டயர், மண் அப்பிய சக்கரம், பின்னால் ஒரு சின்ன இழுவண்டி. வேட்டைக்கு எதற்கடா சைக்கிள் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினான்.

அங்கே அரசாங்கக் காடுகளில் மரம் வெட்டப் போட்ட பழைய பாதைகள் நிறைய உண்டாம். பல பாதைகளில் குறுக்கே கேட் போட்டு, கார், பைக் எதுவும் போகக் கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் அதிகம், அதனால் விலங்கு உள்ளே தள்ளிப் போய்விடும். உள்ளே எட்டு, பத்து கிலோமீட்டர் நடந்து போவதற்குள் விடிந்துவிடும். மலைச் சைக்கிள் என்றால் இருட்டிலேயே போய்ச் சேரலாம். இன்ஜின் சத்தம் இல்லை, பெட்ரோல் வாடை இல்லை. எல்க் என்பது நம் கடமான் மாதிரி, ஆனால் அதைவிடப் பெரிய மான். துப்பாக்கியென்றால் தூரத்தில் இருந்தே சுடலாம். வில்லுக்கு முப்பது, நாற்பது கஜத்துக்குள் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டே போவதற்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

"சைக்கிள்லயும் ஒரு துரோகி இருக்கு மாமா" என்றான். பெடல் மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். அமைதியான காட்டில் அது எட்டு ஊருக்குக் கேட்குமாம். அதனால் கடைசி அரை கிலோமீட்டர் இறங்கி நடந்துதான் போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிராக.

லைசென்ஸ் இல்லாமல் அங்கே யாரும் வேட்டைக்குப் போக முடியாது. எந்த மாதம், எந்தப் பகுதி, ஆணா பெண்ணா, எல்லாவற்றுக்கும் கணக்கு. கொன்ற விலங்கின் கறியைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்தால் அது தனிக் குற்றம். இழுவண்டி அதற்குத்தான். சைக்கிளே நுழையக் கூடாத காடுகளும் உண்டு. 1964-ல் போட்ட சட்டப்படி 'வனாந்தரம்' என்று அறிவித்த இடங்களில் மோட்டார் மட்டுமல்ல, சக்கரம் வைத்த எந்த வாகனமும் ஆகாது. நடை, இல்லையென்றால் குதிரை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இந்தப் பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தான். அக்கா நாலு நாள் பேசாமல் சமைத்துப் போட்டாள். ஐந்தாம் நாள் அவன் பக்கத்து வீட்டுப் பையனின் கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு, நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்து சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டான். என்னிடமும் ஒரு கியர் சைக்கிள் உண்டு. சர்க்கரை வந்த வருடம் டாக்டர் வாங்க வைத்தது.

மறுநாள் காலை முதலில் அவனைத் திருவேட்களத்துக்குக் கூட்டிப் போனேன். அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிற பாசுபதேசுவரர் கோயில். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அர்ச்சுனன் பாசுபத அஸ்திரம் வேண்டித் தவம் செய்தது இங்கேதான் என்பது தலபுராணம். பன்றி ஒன்று பாய்ந்து வர, அர்ச்சுனன் ஓர் அம்பு விடுகிறான், வேடனாக வந்த சிவனும் ஓர் அம்பு விடுகிறார். விழுந்த பன்றி யாருடையது என்று சண்டை. அர்ச்சுனன் வில்லாலேயே சிவனை அடித்துவிடுகிறான். அந்தத் தழும்பு லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள்.

மருமகன் சிரிசிரியென்று சிரித்தான். "மாமா, எங்க ஊர்ல இன்னைக்கும் இதே சண்டைதான். முதல் அம்பு யாரோடதுன்னு."

"உங்கம்மாகிட்ட இந்தக் கதையைச் சொல்லாதே, சாமியே வேடன்தானேன்னு வாதாட ஆரம்பிச்சுடுவே" என்றேன்.

அங்கிருந்து கிழக்கே, கிள்ளை சாலை. சம்பா அறுப்பு தொடங்கியிருந்த நேரம். வயலில் பாதி அறுத்தும் பாதி நின்றும் இருந்தது. தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் போய், ஒரு பாசன வாய்க்காலின் கரையில் இறங்கினோம். எந்த வாய்க்கால் என்று எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

கரை என்றால் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். தடித்த டயர் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் பஞ்சர். மழைக்காலத்தில் இந்தக் களிமண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சிமென்ட் மாதிரி அப்பிக்கொள்ளும். சைக்கிளை நாம்தான் தோளில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தையில் மண் காய்ந்து சுகமாக இருந்தது. நத்தைகுத்தி நாரைகள் வயலில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பைக்கில் வந்திருந்தால் நூறு மீட்டருக்கு முன்பே எழுந்து பறந்திருக்கும். நாங்கள் கடந்து போன பிறகும் இரண்டுதான் தலையைத் தூக்கிப் பார்த்தன. மருமகன் பெடலை நிறுத்தவே இல்லை என்பதைக் கவனித்தேன். அந்த டிக் டிக் வராமல் மிதித்துக்கொண்டே வந்தான். பழக்கம்.

அறுத்த வயல் வரப்பில் ஒரு பழைய சைக்கிள் நின்றது. கியரும் இல்லை, பிரேக் கட்டையும் இல்லை. பாரில் ஒரு கடப்பாரை, கேரியரில் சாக்கு. ஓர் இருளர் பெரியவர் எலி வளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்து இருளர்கள் பிச்சாவரம் உப்பங்கழியில் வெறும் கையால் துழாவி இறால் பிடிப்பதில் பேர் போனவர்கள். அறுப்புக் காலத்தில் வயல் வேலையும் உண்டு. ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு, அதை வளை வாயில் கவிழ்த்து ஊதினார். மற்ற வாய்களை ஏற்கெனவே மண்ணால் அடைத்திருந்தார். பிறகு வெட்டினார். எலியும் கிடைத்தது, எலி சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைத்தது.

"எந்த வளையில இருக்குன்னு எப்படிய்யா தெரியுது?" என்று மருமகன் குந்தி உட்கார்ந்து கேட்டான்.

"புது மண்ணு தள்ளியிருக்கு பாரு தம்பி. நேத்து ராத்திரி மண்ணு. காஞ்ச மண்ணா இருந்தா அது காலி வீடு."

அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். வேட்டையென்றால் என்னவென்று தெரிந்த இரண்டு பேர் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நன்றாகத்தான் இருந்தது. புறப்படும்போது பெரியவர் கியர் சைக்கிளைத் தட்டிப் பார்த்து, "இது என்னா விலை?" என்றார். மருமகன் நிஜ விலையில் பத்தில் ஒரு பங்கைச் சொன்னான். "ஏமாத்திட்டானுங்க" என்றார் பெரியவர்.

அதற்கு மேல் இரண்டு கிலோமீட்டர். தார்ச்சாலையிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு பள்ள வயல். தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் இரண்டு கொக்குகள் சிறகடித்துக்கொண்டிருந்தன, நாங்கள் கிட்டே போயும் பறக்கவில்லை. கால்கள் குச்சியில் கட்டப்பட்டிருந்தன. இன்னும் கிட்டே போனபோதுதான் தெரிந்தது, கண் இமைகள் நூலால் தைக்கப்பட்டிருந்தன. அவை அடிக்கிற சிறகைப் பார்த்து, இங்கே இரை இருக்கிறது என்று மற்ற பறவைகள் இறங்கும். இறங்கினால் சுற்றிலும் நைலான் வலை. வலையில் ஐந்து மடையான், மூன்று கொக்கு. ஆள் யாரும் இல்லை.

மருமகன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கத்தியை எடுத்துவிட்டான். நான்தான் கையைப் பிடித்து, முதலில் போட்டோ எடு, வனத்துறைக்குப் போன் போடலாம் என்றேன். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, பொறி வைப்பது, கூட்டிலிருந்து முட்டை எடுப்பது எல்லாமே அதில் அடக்கம்.

காத்திருந்த நேரத்தில், "இது வேட்டை இல்ல மாமா, இதுக்குப் பேரே வேற" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவனிடம் முழுசாக ஒத்துப்போகவில்லை. அம்பு படுகிற எல்க்குக்கு உன் லைசென்ஸும் நியாயமும் எங்கே தெரியும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் வலையையே பார்த்தான். பிறகு சொன்னான்: "சைக்கிள்ல பத்து கிலோமீட்டர் உள்ளே போனா அங்கே என்னைப் பார்க்க ஒருத்தரும் இல்ல மாமா. குட்டியோட நிக்கிற மானையும் அடிக்கலாம், கணக்குக்கு மேலயும் அடிக்கலாம். அங்கே நான் எப்படி இருக்கேங்கிறதுதான் நான். இவனுக்கும் இந்த இடத்துல யாரும் பார்க்க மாட்டாங்கன்னு தெரியும். அதான் இங்கே வந்திருக்கான்."

வனக்காவலர் ஒரு மணி நேரத்துக்குள் வந்தார். பைக்கைச் சாலையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். சிக்கியிருந்தவற்றை வலையை அறுத்து மூவரும் விடுவித்தோம். எட்டில் ஏழு பறந்தன, ஒரு மடையான் பறக்கவில்லை. வலையையும், பறக்காததையும், கட்டிவைத்த இரண்டு கொக்குகளையும் அவர் எடுத்துக்கொண்டார். "ரோட்டுல போற எங்களுக்கு இது தெரியாது சார். கரையில சைக்கிள்ல வர்றவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார்.

வாய்க்கால் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். வலைக்காரர்களும் போன் பார்க்கிறவர்கள்தான்.

அதன் பிறகு நான் வாரம் ஒருமுறை கரைப்பக்கம் போகிறேன். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். விடியும் முன் கிளம்பினால் பறவைகளும் கிடைக்கும், வெயிலுக்கு முன் திரும்பியும் விடலாம். பஞ்சர் ஒட்டுகிற சாமானும் காற்றடிக்கிற கைப்பம்பும் இல்லாமல் போகாதீர்கள், கருவேல முள் யாரையும் விடாது. பிச்சாவரம் காப்புக்காடு, அங்கே தில்லை மரத்தையும் சுரபுன்னையையும் பார்க்கப் படகில்தான் போக வேண்டும். சைக்கிளைப் படகுத்துறையோடு நிறுத்திவிடுங்கள். வயல் கரையில் போவதானால் எதிரில் வருகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களே வலையை அறுக்காதீர்கள், போட்டோவும் இடமும் வனத்துறைக்குப் போதும்.

அன்று மாலை மருமகனைக் கடலூரில் விட நானும் கூடப் போனேன். இந்த முறை சைக்கிள்களை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு. சாப்பிடும்போது எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னான். திருவேட்களத்துப் பன்றிக் கதையையும் சேர்த்து. அக்கா ஒன்றும் பேசாமல் குழம்பு ஊற்றினாள். வேட்டையைப் பற்றி அவள் மனம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை, அவனும் வில்லைப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தத் தையலைப் பிரிச்சா கொக்குக்குக் கண்ணு தெரியுமாடா?"

அவன் என்னைப் பார்த்தான். வனக்காவலரின் நம்பர் என் போனில் இருந்தது. மணி ஒன்பதாகியிருந்தது. "பரவாயில்லை, போடு" என்றாள் அக்கா.